கண்ணாடிக்குக் கீழே

பிப்ரவரி 9

கொக்கு,

எழுத்து கோணல் மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்குவதில்லை, பேனா நழுவுகிறது. ஏன் மடங்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

உன் விலாசம் நம் கண்ணாடிக் கடை லோடு வண்டி டிரைவர் கொடுத்தது. சரக்கு ஏற்ற அந்தப் பக்கம் வந்தவன் உன்னை ஒரு பட்டறை வாசலில் பார்த்தானாம். அவனைக் கண்டதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாயாம். போன் நம்பரையும் மாற்றிவிட்டாய். மாற்றிக்கொள், எனக்கென்ன. உன் அக்காவுக்காகத்தான் எழுதுகிறேன். தம்பி போனதற்கு நான்தான் காரணம் என்று வாயால் சொல்லமாட்டாள். பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தத்தில் சொல்வாள். இரண்டு மாதமாக அந்தச் சத்தத்தில்தான் குடித்தனம் நடக்கிறது.

நான் என்ன கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்? உன் அக்காவைக் கட்டின நாளிலிருந்து நீயும் நானும் ஜோடி. ஒரே கண்ணாடி ஷீட்டின் இரண்டு முனை. படியிறங்கினால் நீ கீழே, பின்பக்கமாக நடப்பாய். நான் மேலே நின்று வழி சொல்வேன். எனக்குக் கண், உனக்குக் கால். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு மட்டும் அடித்தளத்துக்கு இறங்குகிற படியில், பாதி வழியில், நீ சாக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்தாய். தடுக்கவில்லை, வழுக்கவில்லை. அப்படியே மடிந்தாய். காலையிலேயே உன்மேல் வாடை அடித்தது. ஒரு மாதமாகவே அடித்தது. எனக்கு மூக்கு இருக்கிறது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கையிலிருந்து ரத்தம் கொட்டுகிறவன் வேறு என்ன சொல்வான்?

மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம். அக்காவுக்கு ஒரு வரி எழுது.

மாமா

பிப்ரவரி 20

மாமாவுக்கு,

அக்காவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினேன். அது பொய். உங்களுக்குப் பொய் எழுத வேண்டிய அவசியம் இல்லை. எப்படியும் நீங்கள் நம்பப் போவதில்லை.

நான் குடிக்கவில்லை. நீங்கள் மோந்தது தைலம். அக்கா கல்யாணத்தில்கூட ஒரு சொட்டு தொடாதவன் என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. வேறு எவன் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன்.

வலி முதலில் தொடை இடுக்கில் வந்தது. ஷீட்டைத் தூக்கும்போது எங்கேயோ பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு தொடையின் முன்பக்கமாக இறங்கி முட்டிக்கு மேலே வந்து குடியேறிவிட்டது. ராத்திரி திரும்பிப் படுத்தால் தொடைக்குள் சூட்டுக்கோல் வைத்த மாதிரி எரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மரத்துப்போய், கிள்ளினால் யாரோ பக்கத்து ஆளைக் கிள்ளுவது போல் இருக்கும். அதற்குத்தான் தைலம். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பீர்கள். கால் நிச்சயம் இல்லாதவனைக் கண்ணாடிக்குக் கீழே யார் நிறுத்துவார்கள்? நீங்களே நிறுத்தமாட்டீர்கள். என்னை வண்டி ஓட்டப் போட்டுவிட்டு வேறு ஜோடி தேடியிருப்பீர்கள்.

முட்டி டாக்டரிடம் காட்டினேன். படம் எடுத்தார், முட்டி சுத்தமாக இருக்கிறது என்றார், ஆனாலும் முட்டிக்கே ஊசி போட்டார். முதுகாக இருக்குமோ என்று மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார். வலிக்கவில்லை. அப்போ முதுகு இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்.

இப்போது கண்ணாடிப் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை, முகக்கண்ணாடிக்கு விளிம்பு தேய்ப்பது. தங்கியிருப்பது மாடியறை. இறங்கும்போது கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நம் தொழிலில் ஒரே ஒரு சட்டம். யார் "விடு" என்று கத்தினாலும் ரெண்டு பேரும் கையை விட்டுவிட்டுப் பின்னால் பாயவேண்டும். கண்ணாடி போனால் போகட்டும், கை போகக் கூடாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். அன்றைக்கு நான் கத்தினேன். இரண்டு தரம் கத்தினேன். ஏன் விடவில்லை? நீங்கள் விட்டிருந்தால் உங்கள் விரல் இன்றைக்கு மடங்கும். சட்டத்தை மீறியது நீங்கள், கெட்ட பெயர் எனக்கு. கத்தவே இல்லை, எதுவும் காதில் விழவில்லை என்று கடை முதலாளியிடம் சொன்னீர்களாமே.

தங்கள் மனைவியின் தம்பி

மார்ச் 3

கொக்கு,

"தங்கள் மனைவியின் தம்பி"யாம். பெரிய கலெக்டர் ஆபீஸ் கடுதாசி.

நீ விட்டுப்போன சாமான் பெட்டி படுக்கைக்கு அடியில்தான் கிடந்தது. இத்தனை நாள் திறக்கவில்லை, கோபம். உன் கடிதம் வந்தபிறகு திறந்தேன். கையுறைக்கு அடியில், துணி சுற்றி, ஒளித்து வைத்திருக்கிறாய் பாட்டிலை. மூடியைத் திறந்து மோந்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். உன் அக்கா வந்து என்ன என்று கேட்டாள். கை வலிக்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் கடைக்குப் போய், எல்லோரும் டீ குடிக்கிற நேரம் பார்த்து, அவன் குடிக்கவில்லை, அது தைலம் என்று சொன்னேன். முதலாளி, "இப்ப எதுக்குய்யா அது?" என்றார். எனக்கு வேண்டியிருக்கிறது என்றேன்.

விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாரம் ஒருமுறை போகிறேன். களிமண்ணைப் பிசையச் சொல்லி உயிரை எடுப்பாள். கொடுமைக்காரி, ஆனால் கெட்டிக்காரி. அவளிடம் உன் கதையைச் சொன்னேன். தொடை முன்பக்கம், இடுக்கு, முட்டி மடிகிறது என்றதும் பிசைகிற களிமண்ணைப் பிடுங்கி வைத்துவிட்டாள். மல்லாக்கப் போட்டுத் தூக்கினால் தெரியாதாம். குப்புறப் போட்டு முட்டியை மடக்க வேண்டுமாம். முதுகில் மேல்பக்கத்து நரம்பு அழுந்தியிருந்தால் அப்போதுதான் தொடை கத்துமாம். உடனே முதுகெலும்பு டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

உன் அக்கா ஒன்று சொன்னாள். நீ போவதற்கு முன்னால் துவைத்த பேண்டில் ஒரு கால் மட்டும் சுருங்கின மாதிரி இருந்ததாம். துணி சுருங்கவில்லை, உன் தொடை சிறுத்திருக்கிறது. கொக்கு என்று பேர் வைத்ததற்கு ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமென்று யார் சொன்னது?

நீ கேட்டதற்குப் பதில் இப்போது எழுத முடியவில்லை. கை வலிக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

மாமா

மார்ச் 19

மாமா,

பார்த்தேன். அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டாம்.

அந்தப் பெண் சொன்னதேதான். குப்புறப் போட்டு முட்டியை மடக்கினார், நான் கட்டிலின் கம்பியைக் கடித்தேன். ரப்பர் சுத்தியலால் நல்ல முட்டியில் தட்டினார், கால் துள்ளியது. இந்த முட்டியில் தட்டினார். ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிய மாதிரி, ஒன்றுமே இல்லை. பிறகு ஸ்கேன்.

இடுப்புப் பக்கம் முதுகில் ஐந்து எலும்பு. நடுவில் மெத்தை மாதிரி டிஸ்க். முக்கால்வாசிப் பேருக்குக் கெடுவது அடியில் இருப்பவை, வலி பின்தொடை வழியாகப் பாதத்துக்கு ஓடும். எனக்கு மேலே, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பிதுங்கியிருக்கிறது. அபூர்வமாம். நமக்கு எதுதான் சாதாரணமாக வந்திருக்கிறது? அங்கேயிருந்து கிளம்புகிற நரம்புதான் முன்தொடைக்கும் முட்டியை நிமிர்த்துகிற சதைக்கும் போகிறது. முட்டி ஒரு பாவமும் அறியாது. பாவம், ஊசி அதற்குத்தான் விழுந்தது.

மாத்திரையிலும் பயிற்சியிலும் பலருக்கு அடங்கிவிடும், ஆனால் சதை இவ்வளவு கரைந்து கால் மடிய ஆரம்பித்துவிட்டதால் காத்திருக்கக் கூடாது என்கிறார். ஆபரேஷன். குப்புறப் போட்டு, முதுகில் சின்னதாகக் கீறி, எலும்பில் ஓர் ஓரம் செதுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே பிதுங்கின துண்டை எடுப்பார்கள். அடியில் என்றால் நரம்பைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வேலை செய்யலாமாம். இந்த உயரத்தில் பாதை குறுகல், தண்டுவடம் முடிகிற இடம் கைக்கெட்டும் தூரம், எதையும் ஒதுக்கக் கூடாது. ஓரமாகப் போய் எடுக்கவேண்டும். எலும்பு அதிகம் எடுக்கவேண்டி வந்தால் திருகாணி போட்டு இறுக்குவார்களாம். குறுகல் படிக்கட்டில் பெரிய ஷீட் இறக்குவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எங்கேயும் உரசக் கூடாது. உரசினால் போவது அவர் கை இல்லை, என் கால்.

அவர் இன்னும் ஏதேதோ சொன்னார். இது நடந்தால் உடனே வா, அது நடந்தால் உடனே வா என்று. தண்டுவடம் என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அப்பாதான் கண்முன்னால் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி, எழுந்திருக்காமலே மூன்று வருஷம் கிடந்து போனவர். அக்காதான் அவரைப் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், எல்லாம் செய்தாள். நான் அப்போது ஸ்கூல் பையன், அந்த அறைக்குள் போகவே பயப்படுவேன். இப்போது அந்த அறையில் நான் கிடக்கிற மாதிரி கனவு வருகிறது.

முடிவை என்னையே எடுக்கச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிவரச் சொல்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்? மாமா, படியிறங்கும்போது எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நீங்கள் வா என்றால் வருவேன், நில் என்றால் நிற்பேன். இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன். வா என்பீர்களா, நில் என்பீர்களா?

கொக்கு

மார்ச் 27

கொக்கு,

கடிதத்தை உன் அக்கா பார்த்துவிட்டாள். நான் காட்டவில்லை. தபால்காரன் அவள் கையில் கொடுத்தான், உன் எழுத்தைக் கண்டதும் பிரித்துவிட்டாள்.

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா கால் விரலை ஆட்டிக்கிட்டேதான் உள்ள போனாரு. நான் பார்த்தேன். வெளிய வந்தப்புறம் ஆடவே இல்ல. என் தம்பி முதுகுல கத்தி வெச்சா, நீங்கதான் வெச்சதா நினைச்சுக்குவேன்."

அப்பாவுக்கு விழுந்ததிலேயே எலும்பு நொறுங்கியிருந்தது, இது வேறு, வெறும் டிஸ்க் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்லிப் பார்த்தேன். பயிற்சிப் பெண்ணிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண்ணும் பொறுமையாகச் சொன்னாள். உன் அக்கா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து, "அவ மூணு வருஷம் யாரையாவது புரட்டிப் போட்டிருக்காளா?" என்றாள். 

வா என்பீர்களா, நில் என்பீர்களா என்று கேட்கிறாய். படி என்றால் எனக்குத் தெரியும், எத்தனை இருக்கிறது, எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வேன். இது எனக்குத் தெரியாத படி. இருட்டில் நின்றுகொண்டு உன்னை வா என்று எப்படிக் கூப்பிடுவேன்? நாளைக்கு நீ அந்த அறையில் கிடந்தால் நான் எந்த முகத்தோடு வந்து பார்ப்பேன்? உன் அக்காவைக் கொஞ்சம் ஆறவிடு. பேசிப் பேசிக் கரைக்கிறேன். அதுவரை மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு இரு. படி ஏறாதே. கீழே ஏதாவது அறை பார்.

மாமா

ஏப்ரல் 8

மாமா,

கையில் கிடைத்த தாளில் எழுதுகிறேன், பட்டறை பில் புத்தகத்தில் கிழித்தது.

நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு சொல். தெரியாத படி என்கிறீர்கள். எனக்கு மட்டும் தெரியுமா? நீங்கள் பேசாமல் நின்றால் கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? ஷீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பான், கை விட்டுப்போகிற வரைக்கும். நின்றேன். கரைக்கிறேன் கரைக்கிறேன் என்றீர்கள். கரைந்தது என் தொடைதான்.

போன வாரம் மாடிப்படியில் விழுந்தேன். கடைசி நாலு படி. ஒன்றும் உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு காலும் சரியில்லை. நல்ல கால் என்று வைத்திருந்ததும் இப்போது துவள்கிறது. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துப் போகிறேன், முடியாவிட்டால் தவழ்ந்து போகிறேன். முப்பத்தாறு வயதில் தவழ்கிறேன் மாமா. பக்கத்து அறைக்காரன் கதவைத் திறந்து பார்த்தான், பொத்தான் தேடுகிறேன் என்று சொன்னேன். பட்டறை முதலாளி நல்ல மனிதர், உடம்பைப் பார்த்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். எங்கே வருவது?

அக்கா மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் பயப்பட அவளுக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மேல்தான். அன்றைக்கும் நான் கத்தினேன், நீங்கள் கேட்கவில்லை. இப்போதும் கத்துகிறேன். உங்களுக்கு எப்போதுமே கேட்காதா?

செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று இன்று காலையில் தோன்றியது. உடனே, யாருக்கு நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அதனால் பயப்படாதீர்கள். வலி பேசுகிறது, நான் இல்லை.

இன்னொன்று. எழுத வெட்கமாக இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, போனால் சொட்டுச் சொட்டாக. உட்காருகிற இடமும் இடுக்கும் மரத்து, மெத்தைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மாத்திரையின் சூடு என்று நினைக்கிறேன். நிறையத் தண்ணீர் குடிக்கிறேன்.

இதை அக்காவிடம் சொல்லவேண்டாம்.

கொக்கு

ஏப்ரல் 11, ஆஸ்பத்திரி

கொக்கு,

நீ உள்ளே இருக்கிறாய். ஆபரேஷன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விழித்தபின் உன் தலையணைக்கு அடியில் இருக்கும். கண்ணைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்குமோ என்னவோ, அதனால் எழுதிவைக்கிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. உன் அக்காதான் படித்தாள். கடைசிப் பகுதியை இரண்டு தரம் படித்தாள். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு பயிற்சிப் பெண்ணிடம் ஓடினேன். அவள் உட்காரச் சொல்லக்கூட இல்லை. "இப்பவே ஆஸ்பத்திரி. நாளைக்குன்னு சொல்லாதீங்க. இப்பவே," என்றாள். சிறுநீர் நின்று உட்காருகிற இடம் மரத்தால், அடியில் போகிற நரம்புக் கொத்து முழுவதும் நசுங்குகிறது என்று அர்த்தமாம். மணிக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிற விஷயமாம். நீ கிழித்த பில்லின் தலையில் பட்டறை போன் நம்பர் அச்சடித்திருந்தது, அதில் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தத் தாள் மட்டும் கையில் கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. உன் முதலாளி இரண்டு பேரோடு வந்து உன்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினாராம். நாங்கள் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தோம்.

டாக்டர் எங்களைத் திட்டினார். இது நடந்தால் அந்த நிமிஷமே வரச் சொல்லியிருந்தேனே, ஏன் வரவில்லை என்றார். ஆபரேஷன் வேண்டுமா என்ற பேச்சு முடிந்துவிட்டது, செய்யாவிட்டால் போனது போனதுதான், செய்தாலும் தாமதமானதால் எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கையெழுத்துக் கேட்டார்கள். நான் பேனாவை இடது கையில் எடுத்தேன். உன் அக்கா வாங்கிக்கொண்டாள். அவளே போட்டாள். பிறகு உன் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து போர்வையைத் தூக்கி, "விரலை ஆட்டுடா," என்றாள். நீ மயக்க ஊசிக்கு முன்னால் ஆட்டினாய், உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. ஒரு காலில் நன்றாக, மற்றதில் கொஞ்சம். இப்போது எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். என்னோடு பேசவில்லை. ஆனால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வலது முழங்கை, எழுத இடைஞ்சல் இல்லாமல்.

உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நிற்கிறேன். யார் யாரையோ கூப்பிடுகிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது.

கேட்டது. இரண்டு தரமும் கேட்டது. காதில் விழவில்லை என்று முதலாளியிடம் சொன்னது, சட்டம் தெரிந்தவன் விடாமல் நின்றதற்கு வேறு காரணம் சொல்ல வெட்கப்பட்டதால். நீ அந்தப் படியில் பின்பக்கமாக நின்றாய், உனக்கு எதுவும் தெரியாது. நான் மேலே நின்றேன், எனக்கு எல்லாம் தெரிந்தது. சட்டம் நிற்கிற ஆட்களுக்குப் போட்டது. நின்றால்தான் பின்னால் பாய முடியும். நீ உட்கார்ந்துவிட்டாய். ஷீட் உன் மார்புக்கு நேரே இருந்தது. நான் விட்டால் எங்கே போயிருக்கும்?

கதவு திறக்கிறது. நம்மைத்தான்.

மாமா

ஏப்ரல் 24

மாமா,

நீங்கள் கடை வேலைக்குத் திரும்பிப் போனபிறகு எழுதுகிறேன். நீங்கள் இருக்கும்போது வாயால் சொல்ல வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் இரண்டு நாள் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே லாரி எண்ணிக்கொண்டிருந்தோம்.

தொடையில் எரிச்சல் போய்விட்டது. விழித்தபோதே போயிருந்தது. எத்தனையோ மாதமாகக் கூடவே இருந்த சனியன் எழுந்து போன மாதிரி அந்த இடம் காலியாக இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினாள். "ஆட்டுடா." ஆட்டினேன். "இன்னொரு தரம்." ஆட்டினேன். அப்புறம்தான் அழுதாள். நர்ஸ் வந்து அதட்டுகிற வரைக்கும் அழுதாள்.

திருகாணி போடவேண்டி வந்ததாம். முதுகில் இரும்போடு இருக்கிறேன். முட்டி இன்னும் மடிகிறது, இரும்புப் பட்டி கட்டி நிறுத்துகிறார்கள். சிறுநீர்க் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. திரும்பப் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி எடுப்பார்களாம். நரம்பு மாதக்கணக்கில் மெதுவாக முளைக்கும், முளைக்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மரத்த இடம் அப்படியே இருக்கிறது. அவர் சொல்கிறபோது இந்த முறை ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

தினமும் நடக்கவைக்கிறார்கள். அக்கா எனக்கு முன்னால் நின்று, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடக்கிறாள். அவளுக்கு அது வரவில்லை. நேற்று மருந்து வண்டியில் முட்டிக்கொண்டாள். நான்தான் அவளுக்கு வழி சொல்கிறேன். கொஞ்சம் இடது பக்கம், நில், இப்போ வா என்று. இந்த முனையில் நின்று பார்த்தால் எல்லாம் எப்படித் தெரிகிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் படித்துவிட்டேன். என் மேல் விழவேண்டிய ஷீட்டுக்கு உங்கள் கை போயிற்று. அது போதும். இனிமேல் நான் கண்ணாடி தூக்கமாட்டேன். படி ஏறுவேனா என்பதே சந்தேகம். குழாயோடு ஒருவன் வீட்டில் கிடந்தால் அக்கா மறுபடி அந்த மூன்று வருஷத்துக்குப் போய்விடுவாள். நான் போகவிடமாட்டேன். பட்டறைக்குப் பக்கத்தில் நோயாளிகளை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லம் இருக்கிறது, விசாரித்திருக்கிறேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வேறு ஜோடி பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்.

இந்தத் தரம் நான் நின்றுகொண்டுதான் சொல்கிறேன், இரும்புப் பட்டி கட்டியாவது நின்றுகொண்டுதான். விடுங்கள் மாமா.

கொக்கு

ஏப்ரல் 29

கொக்கு,

ஞாயிற்றுக்கிழமை லோடு வண்டியோடு வருகிறேன். பின்னால் மெத்தை போட்டிருக்கிறேன், டிரைவர் மெதுவாக ஓட்டுவான், ஓட்டாவிட்டால் இருக்கிறது அவனுக்கு. டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டேன். குழாயை இங்கே உள்ள ஆஸ்பத்திரியிலும் எடுத்துப் பார்க்கலாமாம். பயிற்சிப் பெண் உன்னைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்கிறாள். உன் கதி அதோகதிதான்.

முன்னறையைக் காலி செய்துவிட்டேன். கீழ்த்தளம், வாசலில் இருந்த ஒரு படியையும் உடைத்துச் சரிவாக்கியாயிற்று. உன் அக்கா அந்த மூன்று வருஷத்துக்குப் போய்விடுவாள் என்கிறாய். போனில் கேட்டேன். அப்பா வெளியே வந்தபிறகு விரலை ஆட்டவில்லை, இவன் ஆட்டினான், என்றாள். அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை, வைத்துவிட்டாள்.

எனக்கும் இனிமேல் ஷீட் தூக்க முடியாது, பிடி நிற்கவில்லை. முதலாளி வெட்டுகிற மேஜையைக் கொடுத்திருக்கிறார். இடது கையால் கட்டர் பிடிக்கப் பழகுகிறேன், இதுவரை கெடுத்த கண்ணாடியைச் சொன்னால் சிரிப்பாய். வெட்டினதற்கு விளிம்பு தேய்க்க ஆள் வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலைதான். என் பக்கம் ஒரு கை, உன் பக்கம் ஒரு கால். இரண்டையும் கூட்டினால் முழுசாக ஒரு ஆள் தேறுவான்.

வண்டியில் ஏற்றும்போது நான் கீழே நிற்கிறேன். நீ மேலே இருந்து வழி சொல்.

மற்றபடி, நீ விடச் சொன்னது காதில் விழுந்தது.

மாமா